ஒரே இருமல்... இரண்டு நோய்!

வீட்டில் யாராவது இருமினால் என்ன செய்கிறோம்? சுக்கு, மிளகு, திப்பிலியைத் தட்டிப் போட்டு ஒரு கஷாயம். சாதாரண சளிக்கு அது போதும்தான். ஆனால், இருமுகிறவருக்கு சுகர் இருந்தால்?

இருமலுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வேலி சாய்ந்த தோட்டத்தில் ஒரே ஒரு ஆடுதான் நுழையும் என்று சொல்ல முடியுமா! நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இரண்டு கிருமிகள்கூட நுரையீரலில் புகுந்துவிடலாம். கட்டுப்படாத சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை... இவையெல்லாம் வேலியைச் சாய்ப்பவை.

2021-ல் பார்த்தோமே! கொரோனா வந்த சர்க்கரை நோயாளிகள் சிலரை, ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டபோது, மூக்கு வழியே கரும்பூஞ்சையும் பிடித்தது.

அதற்கு முன்பே இந்தப் பாடத்தைச் சொன்ன இடம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். அவர்களிடம் அதிகம் காணப்பட்ட துணைநோய் காசநோய். சிலருக்கு வேறு கிருமியால் நிமோனியாவும் வந்தது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மற்றது ஆளைச் சாய்த்துவிடும்.

இப்படிப்பட்டவர்களுக்குக் காய்ச்சல் லேசாகவே இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமி தெரியாமலும் போகலாம். அதனால்தான் கிருமியின் மரபணுவையே தேடும் சளிப் பரிசோதனை வந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கவனிக்க வேண்டியவை:

* இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

* நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? சளியில் ரத்தமா? அன்றைக்கே போங்கள்.

* காசநோய் என்று தெரிந்தால் சுகரையும் எச்.ஐ.வி.யையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு அதிகம். காசநோயும் பதிலுக்கு சர்க்கரையை ஏற்றிவிடும்.

* மருந்து சாப்பிட்டும் குறையவில்லையா? ‘‘கூடவே வேறு கிருமியும் இருக்குமா டாக்டர்?’’ என்று தயங்காமல் கேளுங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். ஆடாதோடை மணப்பாகு சளியை இளக்கும், காசநோயைக் குணமாக்காது. அதில் சர்க்கரைப் பாகு வேறு இருக்கிறது! திருவாலங்காட்டில் என்னைத் தேடி வருகிறவர்களையும், இந்த அறிகுறிகள் இருந்தால் முதலில் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே கொடுக்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கூடவே சித்த மருந்து வேண்டுமென்றால், இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்தே சாப்பிடுங்கள்.