அக்கரையில் ஒரு வீடு

சென்னையிலோ திருச்சியிலோ ஒரு வீடு இருந்தால் நல்லது என்னும் அவா நம்மவருட் பலருக்கு நெடுங்காலமாக உண்டு. பிள்ளைகளின் கல்வி ஒரு காரணம். வைத்திய வசதி இன்னொன்று. தல யாத்திரை மற்றொன்று. அங்கும் தமிழே பேசுகின்றனர். ஆகையால் அது பிறநாடு என்னும் நினைவே நமக்கு எழுவதில்லை. காணி வாங்கும் காரியத்தில் நம்மை முதலில் இடறச் செய்வது இம்மறதியே.

இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைப் பிரசை ஒருவர் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெறாது அந்நாட்டில் நிலமோ வீடோ வாங்குதல் இயலாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவே. 2019ஆம் ஆண்டு விதிகளிலும் பாகிஸ்தான், சீனா, நேபாளம் முதலிய நாடுகளுடன் நமது நாட்டின் பெயரும் நிற்கின்றது. இந்திய வம்சாவளியினராய் ஓ.சி.ஐ. அட்டை பெற்றோருக்கு இத்தடை இல்லை. ஆயினும், வயல், பெருந்தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை அவர்களும் விலைக்கு வாங்கலாகாது.

“அப்படியாயின் இத்தனை பேர் எவ்வாறு வாங்கினர்?” என்று நேயர்கள் வினவக்கூடும். அங்குள்ள உறவினர் ஒருவரின் பெயரில் வாங்குவதே பலரும் கூறும் உபாயம். மைத்துனர் நல்லவர், பணம் நம்முடையது, பத்திரம் மாத்திரம் அவர் பெயரில் என்பார்கள். இதற்கு இந்தியச் சட்டம் இட்ட பெயர் பினாமி. 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் 2016இல் மிகவும் கடுமையாக்கப்பட்டது. சொத்து பறிமுதலாகலாம், ஓர் ஆண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. “பணம் கொடுத்தவன் நானே, வீட்டை என்னிடம் தருக” என்று நீதிமன்றம் ஏறுவதற்கும் அச்சட்டம் இடந்தருவதில்லை. மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானபின் அவருடைய பிள்ளைகளிடம் எதைக் காட்டி வீட்டைக் கேட்பது? ஓர் ஆயுட்காலச் சேமிப்பு இவ்வாறு ஒருவரின் நல்லெண்ணத்தில் மாத்திரம் தொங்குவதை நான் ஒருபோதும் விரும்பேன்.

முறைப்படி அனுமதி பெற்றவரும், ஓ.சி.ஐ. அட்டை உடையவரும் கவனிக்க வேண்டியது வேறொன்று. இலங்கையில் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதி முடிப்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொட்டு வரும் வழக்கம். அப்பழக்கத்தால், அங்கே நோட்டரி முத்திரையிட்ட தாள் ஒன்றைக் கண்டதும் நம்மவர் மனம் அமைதியடைந்துவிடுகின்றது. தமிழ்நாட்டில் அம்முத்திரை கிரயத்தை முடிப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகும்வரை வீடு விற்றவருடையதே. முற்பணத்துக்கு எழுதும் விற்பனை உடன்படிக்கையும் உரிமையைத் தருவதன்று. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு ‘விற்கும்’ வழக்கம் உரிமையை மாற்றாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

அடுத்து, வில்லங்கச் சான்றிதழ். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு அதனை எடுத்துப் பார்த்தல் நன்று. எனினும், பதிவான பத்திரங்களே அதில் தோன்றும். பதிவு செய்யாத மரண சாசனமோ, நீதிமன்றத்தில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ தோன்றாமற் போகலாம். பட்டா வருவாய்த்துறையின் ஏடு. அதுவும் தனித்து நின்று உரிமையை நிலைநாட்டாது. மூலப் பத்திரங்களைப் பிரதியாக அன்றி, அசலாகவே ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். அவ்வழக்கறிஞர் விற்பவரோ தரகரோ காட்டியவராக இருத்தலாகாது. பூர்வீகச் சொத்தாயின், அண்ணன் தம்பியரின் கையொப்பத்தோடு அமையாது, பெண்மக்களின் கையொப்பமும் உண்டா என்று நோக்குக. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், இந்தியா முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு உரித்தாயிற்று. மணமாகிப் புறவூர் சென்ற சகோதரி ஒருத்தி பின்னர் வழக்கிடுவாளாயின், அவதிப்படுபவர் வாங்கியவரே.

பணம் அனுப்பும் வழியும் சிறிதன்று. மூலதனம் இங்கிருந்து வெளியே செல்வது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு அமைந்தது. வரையறைகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால், முற்பணம் பேசுமுன் வங்கியில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்க. உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு எந்நாட்டிலும் கணக்குக் காட்ட முடியாது.

பிள்ளையின் மூன்றாண்டுப் படிப்புக்காகவே வீடு தேடுவோர் வாடகை வீட்டை நாடுதல் எளிது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியுமாறு கூறுகின்றது. வேறு உடன்பாடு இல்லாதபோது வீட்டுக்காரர் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை கேட்டலாகாது. ஆகவே, பத்து மாத முன்பணம் கேட்கும் ஒப்பந்தம் நீட்டப்படின், கையொப்பமிடுமுன் அந்த வரியைக் குறைத்து எழுதுமாறு கேளுங்கள்.