வேலியே பயிரை மேய்ந்தால்

உடலினுட் புகும் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்பவை குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள். அவை தம் உடலையே தாக்கத் தலைப்பட்டால் என்னாகும்? உடல் தனக்கே நஞ்சாகுவதை இயற்கை தடுத்துள்ளதென 1901 ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் கருதினார். ஆயினும் அத்தடை சிலரிடத்துத் தகர்ந்துவிடுகின்றது. அதற்குச் சான்று லூபஸ் என்னும் நோய்.

பெரும்பாலும் இளம் பெண்களைப் பீடிக்கும் இந்நோயில், கலங்களின் கருவையும் அதிலுள்ள டி.என்.ஏ.யையும் எதிர்க்கும் தன்னெதிரிகள் தோன்றுகின்றன. தாம் பற்றிய பொருளோடு திரண்டு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளிற் படிந்து, அவை அழற்சியை விளைவிக்கின்றன.

லூபஸ் கண்ட 130 அமெரிக்கப் படைத்துறையினரிடம் முன்னரே பெற்றுச் சேமித்த குருதியை ஆராய்ந்த முடிவுகள் 2003 இல் வெளியாயின. நோய் இன்னதென அறியப்படுமுன்பே 115 பேரின் குருதியில் தன்னெதிரிகள் இருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதும் உண்டு.

எனினும், நோயற்றோர் சிலரிடத்தும் இவை காணப்படும். ஆதலாற் சோதனை முடிவொன்றை மட்டும் கண்டு கலங்குதல் வேண்டா. மகளின் நீங்காத மூட்டு நோவையும் சோர்வையும் சோம்பலென ஒதுக்குதலும் தகாது. இரண்டையும் ஒருங்கே நோக்கி முடிவுரைக்க வல்லவர் மருத்துவரே. காலம் தாழ்த்தாது அவரை நாடினாற் சிறுநீரகத்தைக் காத்தல் கூடும்.