பூமி எதிர்த்திசையில் சுழன்றால்...

ஆண்டிறுதியில் கிளந்தான், திரெங்கானு கரைகளில் வெள்ளம் பெருகுவதை நாம் அறிவோம். அந்த மழைக்காற்று ஏன் வடகிழக்கிலிருந்து வருகிறது?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. 60 பாகை வடக்கில் அதில் பாதிதான். வடக்கிலிருந்து இறங்கிவரும் காற்று, விரைந்தோடும் தரைக்கு ஈடுகொடுக்காமல் மேற்கே பின்தங்குகிறது. வகுப்பில் நாங்கள் பந்து ஒன்றை இடமிருந்து வலமாகச் சுழற்றியபடி, உச்சியிலிருந்து சுண்ணக்கட்டியால் கீழ்நோக்கிக் கோடிழுத்துக் காட்டுவதுண்டு. கோடு இடப்புறம் வளைந்துவிடும். காற்றும் அவ்வாறே வளைந்து, தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டுகிறது.

சுழற்சி தலைகீழானால்? ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வுக் கழகத்தார் கணினியில் அவ்வாறு சுழலவிட்டுப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். சகாரா பசுமையானது, பிரேசிலிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் பாலை தோன்றியது. மேற்கு ஐரோப்பா கடுங்குளிருக்கு ஆளானது. ஆயினும், பாலைவனங்களின் மொத்தப் பரப்பு 4.2 கோடி சதுர கிலோமீட்டரிலிருந்து 3.1 கோடியாகக் குறைந்தது!

மலைகள் இடம்பெயரவில்லை, கதிரவனின் வெப்பமும் மாறவில்லை. சுழலும் திசை ஒன்றே மாறியது. ஒரு நாடு வறண்டு கிடப்பது அங்கு வாழும் மக்களின் குற்றமன்று என்பதையும் நாம் இதிலிருந்து உணரலாம் அல்லவா?