உஷார்! குழந்தைக்குத் தொக்கம் எடுக்கக் கிளம்பும் முன்...

தின்றதைத் தின்றபடியே கக்கும் குழந்தையைப் பார்த்ததும் தருமபுரிப் பக்கம் பெரியவர்கள் சொல்வது இதுதான்: "தொக்கம் விழுந்திருக்கு, எடுத்துட்டு வந்துடுங்க." தொக்கம், அதாவது உள்ளே சிக்கிக்கொண்டதாக நம்பப்படும் உணவை எடுப்பவர் தொண்டையைத் தடவுவார், வயிற்றை நீவுவார், குழாய் வைத்து ஊதுபவர்களும் உண்டு. கையில் ஏதோ ஒன்றைக் காட்டியதும் வீட்டாருக்கு நிம்மதி. தயவுசெய்து வேண்டாம்! உணவுக்குழாயில் சோறும் எச்சிலும் தேங்கி நிற்கும் குழந்தையை ஊதி, அமுக்கிப் புரட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம்.

நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்ட குழந்தை இன்று திடீரென விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்குகிறதா? பொம்மையிலோ ரிமோட்டிலோ இருந்த பட்டன் பேட்டரியாக இருக்கலாம். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் அது சதையை அரித்துவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

மாதக்கணக்கில் இழுக்கும் தொல்லை வேறு வகை. விழுங்கிய கவளத்தை உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ள வேண்டும். அடியிலுள்ள வளையத் தசை தளர்ந்து வழிவிட வேண்டும். அலையும் சரியாக எழாமல் வளையமும் திறக்காவிட்டால் அதுதான் அகலேசியா. ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாகவே புதிதாக வருகிறது. அரிது என்பதால்தான் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வாந்திக்கு அசிடிட்டி மருந்து, ராத்திரி இருமலுக்கு ஆஸ்துமா மருந்து, எடை குறைந்தால் டிபி டெஸ்ட் என்று காலம் ஓடுகிறது. பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறது.

நம் ஊர்க் களியே பாதி துப்புக் கொடுக்கும். களியை யாரும் மெல்லுவதில்லை, அப்படியே விழுங்குகிறோம். களி மட்டும் சிக்கி, பால் தடையில்லாமல் இறங்கினால் குழாய் சுருங்கியிருக்கலாம். முன்பு எப்போதாவது ஆசிட் குடித்த குழந்தை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். களியும் சிக்குகிறது, தண்ணீரும் சிக்குகிறது என்றால் அகலேசியா போன்ற இயக்கக் கோளாறை நினைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், கழுத்தை நீட்டி நெளிதல், நடுவில் எழுந்து நிற்றல். விடிந்தால் தலையணையில் ராத்திரிச் சோற்றுப் பருக்கை. இதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். "வாந்தி" என்று மட்டும் சொன்னால் வாந்திக்குத்தான் மருந்து கிடைக்கும்.

பரிசோதனைகளில் முதலாவது, பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே. அகலேசியா என்றால் உணவுக்குழாய் மேலே வீங்கி, அடியில் பறவை அலகு போலக் கூராகத் தெரியும். அடுத்து எண்டோஸ்கோப்பி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நோய் ஆரம்பத்தில் இருந்தால் எண்டோஸ்கோப்பி நார்மல் என்றே வரலாம். ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சியும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சதைத் துணுக்குகள் எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். எடுத்தார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. முடிவாகச் சொல்வது மானோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, தண்ணீரை வாய் வாயாக விழுங்கச் சொல்லி அழுத்தத்தை அளப்பார்கள். விழுங்கச் சொன்னால் விழுங்கும் வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபம். சின்னக் குழந்தைகளுக்குக் கஷ்டம். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அலைச்சல்தான், ஆனால் பலூன் வைத்து விரிப்பதா, தசையை வெட்டித் தளர்த்துவதா என்று முடிவெடுக்க அந்த அழுத்த அளவு தேவை.

இன்னொன்று, இதைத்தான் கத்திச் சொல்ல வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிய வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தை அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அது 1978-இல் ஆல்குரோவ் என்ற மருத்துவர் விவரித்த நோயாக இருக்கலாம். அகலேசியா, கண்ணீர் வற்றுதல், கார்டிசால் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி செயலிழத்தல் மூன்றும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் அது. தோல் கறுத்துக்கொண்டே போகலாம். சாதாரணக் காய்ச்சலிலேயே சர்க்கரை இறங்கி வலிப்பு வந்து உயிரே போகலாம். ஆகவே ஆபரேஷனுக்கோ மயக்க மருந்துக்கோ சம்மதிக்கும் முன், "எம்புள்ளைக்கு அழுதா கண்ணீர் வராதுங்க, கார்டிசால் பாத்துடுங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.