தலையணையைக் கட்டிக்கொண்டு இருமுவது ஏன்?

பைபாஸ் அறுவை நடப்பது இதயத்தில். பிசியோதெரபிஸ்ட் முதலில் கவலைப்படுவதோ நுரையீரலைப் பற்றி. நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டியிருப்பார்கள். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். அப்போது நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரலாம். ஆகவே இருமித்தான் ஆக வேண்டும். தலையணையை மார்போடு இறுக்கி அணைத்தால் எலும்பு அதிகம் அசையாது, வலி குறையும்.

மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியைப் பலரும் ஊதிப் பார்ப்பார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும்! பந்து மேலே நிற்கும் அந்தச் சில நொடிகளில் காற்றறைகள் விரிகின்றன. இதையெல்லாம் அறுவைக்கு முன்பே பழகிவிடுவது நல்லது. நெஞ்சில் குழாயோடு படுத்திருப்பவருக்குப் புதுப்பாடம் ஏறாது.

அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள்.