இரும்புச் சட்டமும் அரசுச் சட்டமும்

சேந்தமங்கலத்தில் மளிகைக் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். தகப்பனார் ஓட்டிய பழைய புல்லட் ஒன்று அவருடைய குடோனில் சும்மா நிற்கிறது. பட்டறைக்காரர் ஒருவர் அதன் இன்ஜினைக் கழற்றி, ஆங்கிள் இரும்பில் மூன்று சக்கர வண்டி அடித்து, அதில் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். பத்து மூட்டை அரிசி தாராளமாக ஏற்றலாமாம். நாமக்கல்லில் சரக்கு எடுக்கவும், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி பக்கம் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடவும் ஆகும் வாடகை மிச்சம். முன்பணம் கொடுக்கலாமா என்பது கேள்வி. இதே எண்ணம் வேறு சிலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் கூண்டு கட்டி, டெல்லியில் 'பட்பட்டி' என்று ஆள் ஏற்றி ஓட்டினார்கள். 1998-ல் காற்று மாசு பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி அவை ஓய்ந்தன. குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியை வைத்துச் செய்த 'சக்டா' கிராமத்துச் சரக்கையும் ஜனங்களையும் சுமந்தது. நம் சென்னையில் மீன்பாடி வண்டி. மிதித்து ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டிக் கம்பி, சிமெண்ட், காய்கறி என்று எதையும் ஏற்றுகிறார்கள்.

இவற்றைச் செய்த மெக்கானிக்குகளின் கைத்திறனை நாம் குறைத்துப் பேச மாட்டோம். பழைய புல்லட் இன்ஜின் 346 சி.சி., ஒற்றை சிலிண்டர். விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் குறைந்த வேகத்திலும் நல்ல இழுவை. இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி என்பதால் கழற்றுவதும் எளிது. ஆனால் தொல்லையும் அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்த புல்லட்டில் இன்ஜினுக்கு அடியில் தனியாகத் தாங்கு குழாய் கிடையாது. இன்ஜினே சட்டத்தின் ஒரு பாகமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. வேறு சட்டத்துக்கு மாற்றும்போது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் அதே இடைவெளியில் பிடிக்கும் கனத்த தகடுகள் வேண்டும். சிலிண்டர் தலைப்பையும் மேலே ஒரு தகட்டால் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் வெல்டிங் விட்டுப்போகும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் செயின் தேய்ந்து கழன்றுவிடும்.

சூடு இன்னொரு சங்கதி. புல்லட் இன்ஜின் ஓட்டத்தில் வரும் காற்றில்தான் குளிர்கிறது. பாரத்தோடு மெதுவாகப் போகும் வண்டியில், இருக்கைக்கு அடியில் மறைந்திருக்கும் இன்ஜினுக்குக் காற்று ஏது? மீன்பாடி வண்டிக்காரர்களுக்கு ஸ்கூட்டர் இன்ஜின் தோதாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள்ளேயே விசிறி இருக்கிறது. பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுமார் 160 கிலோ வண்டியையும் இரண்டு ஆட்களையும் நிறுத்தச் செய்த டிரம் பிரேக், அரை டன் சரக்கோடு இறக்கத்தில் வரும் வண்டியை எப்படி நிறுத்தும்?

இத்தனையையும் நல்ல பட்டறைக்காரர் சரிசெய்துவிடலாம். அவர் கையில் இல்லாதது பதிவு எண். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 39-வது பிரிவின்படி பதிவில்லாத மோட்டார் வண்டி பொது ரோட்டில் ஓடக்கூடாது. புதிய மாடல் வண்டியென்றால், விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரியை புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்பது மத்திய விதிகளின் 126-வது விதி. பழைய புல்லட்டின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி ஓட்டலாம் என்றால், 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை, கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

"நாமக்கல்லில் நாள் தவறாமல் லாரிக்கு பாடி கட்டுகிறார்களே, அது மட்டும் சரியா?" என்று நம் அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே சேஸும் இன்ஜினும் கம்பெனி கொடுத்தவை. இரண்டின் நம்பரும் அப்படியே இருக்கின்றன. அதன் மேல் பாடி கட்டி, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகே பதிவு நடக்கிறது. பட்டறையில் அடித்த சட்டத்துக்கோ சேஸ் நம்பரே கிடையாது. ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ சக்டா செய்து வளர்ந்து, கம்பெனியாகப் பதிவாகி மூன்று சக்கர வண்டிகளைத் தயாரித்து விற்கிறது. தனியொரு கடைக்காரர் ஒரே ஒரு வண்டிக்காக அந்த வழியில் போவது கட்டுப்படியாகாது.

அபராதம்கூடப் பெரிதல்ல, விபத்துதான் பயம். பதிவில்லாத வண்டிக்கு 146-வது பிரிவு கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கிடைக்காது. ரோட்டில் போகிறவர் மேல் வண்டி மோதினால் நஷ்டஈடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். கடையும் வீடும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் வழியில்லை. தற்காலிகப் பதிவுக் காலம் முடிந்தபின் ஓடிய ஒரு வண்டிக்கே இன்சூரன்ஸ் பணம் தர வேண்டியதில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முன்பணத்தை, ஆர்.சி., எப்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் உள்ள பழைய லோடு ஆட்டோவுக்குக் கொடுப்பதே மேல் என்பது நம் கருத்து. புல்லட்டைப் பிரிக்காமல் முழு வண்டியாக ஆர்.சி.யோடு விற்றால், பழைய மாடலைத் தேடுவோர் நல்ல விலை தருவார்கள்.

வாடகைக்கு இப்படிப்பட்ட வண்டியைப் பிடிக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்குக்கு இ-வே பில் போடுகிறோம். மிதிவண்டி, கைவண்டி போன்ற மோட்டார் இல்லாத வண்டியில் போகும் சரக்குக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இன்ஜின் பூட்டிய மறுநிமிடமே அது மோட்டார் வண்டி. பில்லில் வண்டி எண் கேட்கும் கட்டத்தில் எதை எழுதுவீர்கள்?