வட்டச் சாவிப் பூட்டும் அதைத் திறக்கும் கலையும்

நாணயம் போட்டால் குளிர்பானம் தரும் இயந்திரம், மடிக்கணினியை மேசையோடு கட்டிவைக்கும் கம்பி, மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கில் மாட்டும் பூட்டு ஆகியவற்றில் பலவற்றுக்குச் சாவி தட்டையாக இருக்காது. சிறு குழாய்த் துண்டுபோல உருண்டிருக்கும். அதன் விளிம்பில் ஆழம் மாறி மாறி வெட்டிய பள்ளங்கள் இருக்கும். பூட்டின் முகத்தில் வளையம் போன்ற இடைவெளியும் நடுவில் ஒரு தண்டும் தெரியும். வளையத்துக்குள் பெரும்பாலும் ஏழு பின்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டுகளால் ஆனது. சாவியின் பள்ளம் அதைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால், துண்டுகள் பிரியும் இடம் பூட்டின் சுழலும் பகுதியும் அசையாத பகுதியும் சந்திக்கும் எல்லையில் வந்து நிற்கும். ஏழும் ஒருசேர அந்த எல்லைக்கு வந்தால்தான் பூட்டு சுழலும். கதவுகளில் உள்ள பின் பூட்டுக்கும் இதே தத்துவம்தான். அங்கே பின்கள் சாவித் துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்திருக்கும், இங்கே ஏழும் முகத்திலேயே தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் வழி வேறு. அதன் மாங்காய்ப் பூட்டுக்குள் இருப்பவை லீவர்கள். அதை ஆராய விரும்புபவருக்கு இங்கே பின்னர் சொல்லப்படும் கருவி உதவாது.

குழல் வடிவச் சாவி பழையது. லண்டனில் ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டுக்கும் முனையில் பள்ளம் வெட்டிய உருண்டைச் சாவிதான். அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அவருடைய கடை அறிவித்திருந்தது. பல பத்தாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851 லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் அதைத் திறந்துவிட்டார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை அது. இன்றைய பொழுதுபோக்குப் பூட்டுத் திறப்பாளர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கருதுவதில் வியப்பில்லை.

இப்போதைய வடிவத்தைப் பரப்பியது சிகாகோ லாக் கம்பெனி 1933 முதல் விற்ற ‘ஏஸ்’ பூட்டு. அதன் பாதுகாப்பு பொறியமைப்பில் இருந்ததைவிடச் சாவியின் அருமையில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். சாவிக் குறியீட்டைப் பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே நிறுவனம் தந்துவந்தது. சாவியைத் தொலைத்தவர்கள் பூட்டுக்காரரிடம் போவார்கள். அவர் பூட்டைத் திறந்து, பின்களின் ஆழத்தை அளந்து, புதுச் சாவி வெட்டித் தருவார். இப்படிப் பல பூட்டுக்காரர்களிடம் சேர்ந்த குறியீடுகளை ஃபேன்பர்க் என்பவர் திரட்டி 1976இல் நூலாக வெளியிட்டார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விற்கப்பட்ட பொருளைப் பிரித்தறிந்து கண்டதைத் திருட்டு என்று சொல்ல முடியாது என்ற அடிப்படையில், 1982இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபேன்பர்க் பக்கம் தீர்ப்பளித்தது.

பூட்டுக்காரர்களும் ஆர்வலர்களும் கையாளும் கருவி, சாவியைப் போலவே உருண்ட தலை கொண்டது. தலையைச் சுற்றி ஏழு மெல்லிய உலோகக் கம்பிகள் முன்னும் பின்னும் நகரும். ஒரு ரப்பர் வளையமோ திருகு வளையமோ அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த இறுக்கத்தில்தான் சூட்சுமம். தளர்ந்திருந்தால் ஸ்பிரிங் கம்பியை முழுதாகத் தள்ளிவிடும். அதிகம் இறுகினால் கம்பி அசையவே அசையாது. கருவியைச் செருகி, திருப்பும் திசையில் மெல்லிய அழுத்தம் கொடுத்து, முன்னும் பின்னும் அசைக்க அசைக்க ஒவ்வொரு கம்பியும் தன் பின்னுக்கு உரிய ஆழத்தில் போய் நிற்கும். திறந்தபின் கம்பிகளின் நிலையே சாவியின் அச்சாகிவிடும். அதை அளந்து சாவி வெட்டலாம்.

சாதாரண ஊசியும் திருப்பியும் கொண்டு ஒவ்வொரு பின்னாகத் திறப்பவருக்கு வேறொரு தொல்லை. பூட்டு ஏழில் ஒரு பங்கு சுழன்றதும் பின்கள் அடுத்த துளைகளில் விழுந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். முழுதும் திருப்ப, தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். பாதியில் விட்டால் உரிய சாவிகூட வேலை செய்யாது.

இவ்வகைப் பூட்டின் பெயரைக் கெடுத்தது 2004 செப்டம்பர். கிரிப்டோனைட் நிறுவனத்தின் புகழ்பெற்ற சைக்கிள் பூட்டுகள் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலால் திறந்துகொள்வது வெளியே தெரிந்தது. குழலின் விட்டம் தற்செயலாகப் பொருந்தியது; மென்மையான பிளாஸ்டிக்கில் பின்கள் பதிந்து தாமே சாவியை உருவாக்கின. பிரிட்டனில் ஒரு சைக்கிள் இதழ் 1992லேயே இக்குறையை எழுதியிருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. நிறுவனம் பழைய பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது; பின்னர் தட்டைச் சாவிக்கு மாறியது. மற்றவர்கள் வலு மாறுபட்ட ஸ்பிரிங், கூடுதல் பின்கள், இடைமெலிந்த பின்கள் என்று வழி தேடினார்கள்.

பூட்டுத் திறப்பை விளையாட்டாக நடத்தும் சங்கங்களுள் ஒன்று 1997இல் ஜெர்மனியில் தொடங்கியது. நெதர்லாந்தின் டூல் அமைப்பு பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது. சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் பூட்டைத் திறந்ததல்ல, திறந்த நோக்கமே குற்றத்தைத் தீர்மானிக்கிறது. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது வீடுடைத்தலாகவே கொள்ளப்படும். மகாராஷ்டிரத்தில் 1951ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இரவில் தக்க காரணமின்றி வீடுடைக்கும் கருவி வைத்திருப்பதையே தண்டிக்கிறது. ஆர்வலர்களின் முதல் விதி, தமக்குச் சொந்தமான பூட்டை மட்டும் தொடுவது. இரண்டாவது, பயன்பாட்டில் உள்ள பூட்டில், அது தம்முடையதே ஆனாலும், பழகாதிருப்பது; பாதிச் சுழற்சியில் சிக்கிய வட்டச் சாவிப் பூட்டைச் சில வேளை துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.